வாசனை சேர்க்கும்போது வெளியே நின்றவள்

எங்கள் வேலையிடத்தில் அவளுக்குப் பெயர் துடுப்பக்கா. படகும் கிடையாது, ஆறும் கிடையாது. தலைமுடிக் கண்டிஷனர் காய்ச்சும் நாற்பது லிட்டர் பாத்திரத்தைக் கிளறுவதற்கு அவள் வைத்திருந்த எவர்சில்வர் கரண்டி அவள் தோள் உயரம் இருக்கும். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் நிற்கிற நிற்பைப் பார்த்து யாரோ வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. என்னைவிட இரண்டு வயது சின்னவள். ஆனாலும் நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் கைக்கு நான் கொடுக்கிற மரியாதை அது.

அந்தக் கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பதினாறு வருஷம் ஒரு அழகு நிலையத்தில் அடுத்தவர் தலையை அலசிவிட்ட கை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு தலையைத் தொட்டால் போதும். சாயம் போட்ட முடியா, சூட்டுக் கம்பியால் நீட்டிய முடியா, வீட்டுக் குழாயில் வருவது உப்புத் தண்ணீரா என்பது வரை சொல்லிவிடுவாள். ஒருநாள் என் பின்னலைத் தொட்டுவிட்டு, "என்ன, துணி சோப்பு போட்டீங்களா?" என்று கேட்டாள். ஷாம்பு தீர்ந்துபோன அன்று ஒரே ஒரு தடவை செய்தது. என் மானம் போயிற்று.

நான் லேபிள் ஒட்டுகிறவள். கோணலாக ஒட்டினால் அக்கா திட்ட மாட்டாள். பாட்டிலை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் பேசாமல் போவாள். அதற்குத் திட்டே வாங்கிவிடலாம். இந்தக் கதையை நான் கோபத்தோடுதான் சொல்கிறேன். அந்தக் கோபத்தில் ஒரு பங்கு என் மேலேயும் உண்டு. அது வரும் இடத்தில் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் தொடங்கியது அவள் தம்பியின் தலையில். கார் பழுது பார்க்கும் பட்டறையில் பெயின்ட் அடிக்கிறவன். அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே முடி. அடர்த்தியான, பிடிவாதமான சுருட்டை. சீப்பு உள்ளே போனால் தேட வேண்டும். நாள் முழுக்கத் தலையை மூடும் தொப்பிக்குள் அடைத்து வைத்தால் சாயங்காலம் அது தேங்காய் நார்தான். கடையில் விற்கிற கண்டிஷனர் எதையாவது போடலாம் என்றால், பெயின்ட் அறைக் கதவிலேயே பெரிய எழுத்தில் எழுதி வைத்திருப்பார்கள்: சிலிகான் கலந்த எதையும் தலையிலோ கையிலோ பூசிக்கொண்டு உள்ளே வரக் கூடாது. காரின் மேல் அது ஒரு துளி பட்டாலும், ஏன், பட்ட கை பட்டாலும், அந்த இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் விலகும். வட்ட வட்டமாகக் குழி விழும். அவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் மீன்கண். முழுக் கதவையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டும். கடைக் கண்டிஷனரில் பத்துக்கு எட்டில் சிலிகான் இருக்கும்.

அதனால் அக்கா வீட்டில் அவனுக்காக ஒன்று செய்தாள். ஆளி விதையை வேகவைத்து எடுத்த பசை, ஏதோ வெண்ணெய், ஏதோ மெழுகு என்று மூன்று மாதம் அடுப்படியே கதியாகக் கிடந்தாள். அவன் வந்து முதல் பாட்டிலை வாங்கி, மூடியைத் திறந்து, வாசல் குழாயடியிலேயே தலையை நீட்டித் தேய்த்துக்கொண்டானாம். "என்னடா, மோந்துகூடப் பாக்கல?" என்று கேட்டதற்கு, "நீ குடுத்தா பாக்கணுமாக்கா?" என்றானாம். இதை அவள் என்னிடம் குறைந்தது இருபது தடவை சொல்லியிருப்பாள். ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வது போலச் சொல்வாள்.

பட்டறையில் மற்றவர்களும் கேட்டார்கள். அவர்கள் மனைவிமார் கேட்டார்கள். சுருட்டை முடிக்காரர்கள் ஒருவரை ஒருவர் எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்களோ, வாய்வழியாகவே பரவியது. வீட்டுக்குப் பின்னால் இருந்த கார் கொட்டகையின் தரைக்கு ஓடு பதித்து, இரண்டு குழாய் வைத்து, ஒரு பெரிய பாத்திரம் வாங்கிப் போட்டார்கள். ஒரே ஒரு பாத்திரம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

'வாங்கிப் போட்டார்கள்' என்று பன்மையில் சொன்னேன் அல்லவா? அந்த இன்னொருத்தி அவள் நாத்தனார். அக்காவின் கணவர் லாரி ஓட்டுகிறவர். வீட்டில் இருக்கும் நாளைவிட வண்டியில் இருக்கும் நாள்தான் அதிகம். வீட்டில் இந்த இரண்டு பெண்கள்தான். அண்ணியும் நாத்தனாரும் என்றால் ஊர் என்ன எதிர்பார்க்கும்? இவர்கள் அந்த எதிர்பார்ப்பில் மண்ணைப் போட்டார்கள். நகமும் சதையுமாக இருந்தார்கள். ஒருத்தி பேச ஆரம்பித்தால் இன்னொருத்தி முடிப்பாள். லாரிக்காரரே ஒருமுறை, "நான் எந்த வீட்டு மாப்பிள்ளைன்னு எனக்கே சந்தேகமா இருக்கு" என்றார்.

வேலையைப் பிரித்துக்கொண்டதும் தானாக நடந்தது. காய்ச்சுவதும் கிளறுவதும் அக்கா. ஆறிய பிறகு வாசனை சேர்ப்பதும் பாட்டிலில் நிரப்புவதும் வாடிக்கையாளரிடம் பேசுவதும் நாத்தனார். வாசனை ஏன் அவள் கையில் என்றால், அக்காவுக்கு அது ஆகாது. வாசனைக் கேனின் மூடியைத் திறந்தாலே தும்மல் ஆரம்பித்துவிடும். பத்து, பன்னிரண்டு, எண்ணி மாளாது. கண்ணில் தண்ணீர் கொட்டும். அதனால் பாத்திரம் ஆறியதும், வாசனை சேர்க்கும் முன்னாலேயே, மாதிரிக்கு ஒரு சின்ன டப்பாவில் எடுத்துக்கொள்வாள். நான் அதில் தேதி எழுதி ஒட்டுவேன். தன் தலைக்கும் அதே வாசனையில்லாத கலவையில் ஒரு கிண்ணம். பிறகு, "ஊத்திக்கம்மா, நான் வெளிய நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போய்விடுவாள். கால் மணி நேரம் கதவு சாத்தியிருக்கும். வேறு எந்த வேலையிலும் அவளை அந்த அறையை விட்டு நகர்த்த முடியாது.

மூன்றாவது வருஷம் குறை வர ஆரம்பித்தது. நல்லாத்தான் இருக்கு, ஆனா சீப்பு இறங்க மாட்டேங்குது. பளபளப்பு பத்தல. நாலு பேர் மறுபடி கடைச் சரக்குக்குப் போய்விட்டார்கள். அப்போது பொருள் கொண்டுவந்து போடுகிறவர் சிலிகானில் மாதிரிக்கு ஒரு குப்பி கொடுத்துவிட்டுப் போனார். நாத்தனார் இரண்டு முடிக்கற்றைகளைக் கட்டினாள். ஒன்றை எங்கள் கலவையிலும், இன்னொன்றை அதே கலவையில் சிலிகான் சேர்த்தும் அலசி, ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டாள். காய்ந்ததும் மூன்று பேரும் போய்ப் பார்த்தோம். இரண்டாவது கற்றையில் சீப்பை வைத்தாள். அது தானாக வழுக்கிக்கொண்டு வந்து தரையில் விழுந்தது.

"பாத்தீங்களா அண்ணி?"

"பாத்தேன். இறங்கும். நான் இல்லேன்னு சொல்லலையே."

"இது என்ன விஷமா?"

"விஷம்னு யாரு சொன்னா? முடி மேல ஒரு பூச்சு, அவ்வளவுதான். சிலருக்கு நல்லா ஒத்துக்கும். சிலருக்கு முடி கனத்துப் போய்த் தொங்கும். நல்லா அலசினா போயிடும்."

"அப்புறம் என்னதான் தடை?"

"தம்பி."

நாத்தனார் சிரித்தாள். "அவர் ஒருத்தருக்குத் தனியா செஞ்சு குடுத்துட்டாப் போச்சு."

"எதுல செய்யறது? இருக்கிறது ஒரு பாத்திரம். இதுல ஒருதரம் அதை ஊத்திட்டா, அப்புறம் எத்தனை தேய்ச்சாலும் எனக்கு நம்பிக்கை வராது. அவன் ஒருத்தன் இல்ல, அந்தப் பட்டறையில பத்துப் பேரு போடுறாங்க. பாட்டில் மேல வேற சிலிகான் இல்லைன்னு எழுதியிருக்கோம். இன்னொரு பாத்திரமும் இன்னொரு அறையும் வரட்டும், ரெண்டு விதமும் செய்வோம், மேலேயே எழுதி விப்போம். இப்ப வேணாம்."

நாத்தனார் தரையில் கிடந்த சீப்பை எடுத்து வைத்தாள். "சரி அண்ணி. உங்க இஷ்டம்" என்றாள். அந்தப் பளபளத்த கற்றையைத் தூக்கிப் போடாமல் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். நான் அதைப் பார்த்தேன். ஆசையாக இருக்கிறதாக்கும் என்று நினைத்தேன்.

அடுத்த மாதத்திலிருந்து அக்கா ஒரு புது முறையைப் பிடித்தாள். கடைசி இருபது நிமிஷம் அடுப்பை அணைத்துவிட்டு, ஒரே திசையில், மிக மெதுவாகக் கிளறுவது. தோள்பட்டை விட்டுப்போகும். ஆனால் பலன் தெரிந்தது. சரக்கு வாங்கிப் போனவர்கள் திரும்பி வந்து வாயாரப் புகழ்ந்தார்கள். முடி வெண்ணெய் மாதிரி இருக்கு என்றார்கள். தலையைக் காட்ட வந்த ஒரு பள்ளி ஆசிரியையின் கூந்தலுக்குள் அக்கா விரலைவிட்டாள். விரல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. ஒரு நொடி அவள் முகம் மாறியதை நான் கண்டேன். மறுபடியும் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"கிளறுறதுலதாங்க விஷயமே இருக்கு" என்றாள் ஆசிரியையிடம்.

பதினாறு வருஷத்துக் கை அது. அந்த நொடியில் விரல் உள்ளதைச் சொல்லியிருக்கும். ஆனால் நம் உழைப்பைப் பாராட்டும்போது யாருக்குத்தான் சந்தேகப்பட மனம் வரும்? அப்படி எட்டு மாதம் போனது. அந்த எட்டு மாதம்போல அவள் சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. கிளறும்போது பாட்டுக்கூட முனகுவாள். சுருதி சேராது. நாத்தனார் காதைப் பொத்திக்கொள்வதுபோல் நடிப்பாள். மூன்று பேரும் சிரிப்போம்.

அதே எட்டு மாதத்தில் பட்டறையில் தம்பிக்குக் கெட்ட நேரம் தொடங்கியிருந்தது. முதலில் ஒரு கதவில் இரண்டு மீன்கண். பிறகு ஒரு கூரையில் ஏழு. தேய்த்து அடித்தால் மறுபடியும். அந்த அறையில் கடைசிப் பூச்சு அடிப்பவன் அவன்தான்; கறாரான கை என்று பேர் வாங்கியவன். தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தான். கம்ப்ரஸரைக் கழற்றினான், காற்றுக் குழாயை மாற்றினான், துடைக்கிற துணியை மாற்றினான். ஆட்களின் கைக்கிரீம், செருப்பு, சாப்பாட்டு டப்பா வரை தடவிப் பார்த்தான். சந்தேகப்பட்ட எதையும் ஒரு தகரத்தில் தடவித் துடைத்து, மேலே பெயின்ட் அடித்துப் பார்ப்பது அவர்கள் வழக்கம். அவன் எல்லாவற்றையும் அப்படி அடித்துப் பார்த்தான். அக்காவின் பாட்டிலைத் தவிர.

கடைசியில் பழி பாலிஷ்காரர் மேல் விழுந்தது. பக்கத்துக் கொட்டகையில் கார்களுக்குப் பாலிஷ் போடுகிற மனிதர். தம்பியோடு தினமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர். பாலிஷில் சிலிகான் இருப்பது உண்டு. தன் பாலிஷில் இல்லை என்று அவர் டப்பாவையே கொண்டுவந்து காட்டினார். தம்பி நம்பவில்லை. அவன் சொன்னதன் பேரில் போர்மேன் அவரைத் தெருக்கோடிக் கிடங்குக்கு மாற்றினார். மனிதர் தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போனாராம். அடுத்த வாரம் மறுபடி மீன்கண் விழுந்தது.

போர்மேன் தம்பியிடம் சொல்லிவிட்டார். "உன் தலையில போடுறதை மட்டும்தான் இன்னும் பாக்கல. அதையும் கொண்டா. இல்லேன்னா இந்த வாரத்தோட நீ பெயின்ட் அறையை விட்டு வெளிய வந்துடு, உப்புத்தாள் தேய்க்கிற பக்கம் போ."

"அது எங்க அக்கா செஞ்சது" என்று அவன் மறுத்திருக்கிறான். அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து இதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. நாத்தனார் பாட்டில் நிரப்பிக்கொண்டிருந்தாள். அவள் தலை நிமிரவில்லை. அக்காவுக்கு மூக்கு சிவந்துவிட்டது.

"என் பாட்டிலையா சந்தேகப்படுறார் அந்த ஆளு? நாளைக்குக் காலையில நானே வரேன். எல்லார் முன்னாடியும் அடிச்சுப் பாக்கட்டும்."

"வேணாம் அண்ணி, எதுக்கு அங்கெல்லாம் போய்?" என்றாள் நாத்தனார்.

"ஏன் போகக் கூடாது? மடியில கனமா இருக்கு எனக்கு?"

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அலமாரியிலிருந்து விற்பனைக்கு வைத்த பாட்டில் ஒன்றும், அதே நாள் காய்ச்சியதில் எடுத்து வைத்த மாதிரி டப்பாவும் கையில் கொண்டுபோனாள். இரண்டிலும் என் கையெழுத்தில் ஒரே தேதி. ஒன்றுக்கு இரண்டாகச் சாட்சி இருக்கட்டும் என்றாள். வழியெல்லாம் போர்மேனை எப்படி மன்னிப்புக் கேட்கவைப்பது என்பதுதான் பேச்சு.

போர்மேன் பெரிய உருவம், சின்னக் குரல். ஒரு பழைய கார்க் கதவைப் படுக்கப்போட்டு, டேப் ஒட்டி மூன்று கட்டம் பிரித்தார். முதல் கட்டத்தில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் டப்பாவிலிருந்து ஒரு துளி, மூன்றாவதில் பாட்டிலிலிருந்து ஒரு துளி. தடவினார், தின்னர் துணியால் துடைத்தார். பிறகு தம்பி தன் கையாலேயே கருநீலப் பெயின்டை மூன்றின் மேலும் ஒரே வீச்சில் அடித்தான். நாங்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தோம். பட்டறையில் பாதிப் பேர் எங்கள் பின்னால் நின்றார்கள்.

பெயின்ட் ஈரமாக, சமமாக உட்கார்ந்தது. அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். அப்போது மூன்றாவது கட்டத்தில் ஒரு புள்ளி விலகியது. அது வட்டமாக அகன்றது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு மூன்று, நான்கு. கீழே இருந்த தகரம் தெரிந்தது.

"மறுபடி அடிங்க" என்றாள் அக்கா. மறுபடி அடித்தார்கள். மறுபடியும் வந்தது. வெறும் கட்டமும் டப்பாக் கட்டமும் கண்ணாடிபோலக் கிடந்தன. பாட்டில் கட்டத்தில் மட்டும் அம்மை வார்த்ததுபோல் குழிகள்.

போர்மேன்கூடத் திட்டவில்லை. தம்பி முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்தான். அக்காவைத் திட்டுவான் என்று நினைத்தேன். அவன் கேட்டது வேறு.

"பாலிஷ்காரர் முகத்துல நான் எப்படிக்கா முழிப்பேன்?"

திரும்பி வரும்போது அக்கா வேகமாக நடந்தாள். வாசனை விற்கிறவன்தான் ஏமாற்றிவிட்டான் என்றாள். "டப்பா நல்லா இருக்கு, பாட்டில் கெட்டிருக்கு. நடுவுல சேர்றது வாசனை ஒண்ணுதான். அந்த ஆளை விடக் கூடாது." நாத்தனார் மேல் அவளுக்குத் துளிகூடச் சந்தேகம் வரவில்லை. எனக்கு வந்தது. ஏனென்றால் எனக்கு ஒன்று ஞாபகம் வந்துவிட்டது.

எட்டு மாதம் முன்னால் நாத்தனார் என்னிடம் ஒரு லேபிள் எழுதித் தரச் சொன்னாள். 'வாசனை – 2.' ஒரு வாசனைக் கேன்தானே உண்டு, இரண்டாவது எதற்கு என்று நான் கேட்கவில்லை. அந்தக் கேன் முதல் கேனைவிட மூன்று மடங்கு பெரியது. சீக்கிரம் சீக்கிரமாகத் தீர்ந்தது. ஆனால் பாட்டிலில் வாசனை கூடவில்லை. இதெல்லாம் கண்ணுக்கு முன்னால் இருந்தது. எனக்கென்ன வந்தது என்று இருந்தேன். எழுதிக் கொடுத்த கை என்னுடையது. சொன்னேன் அல்லவா, ஒரு பங்கு என் மேலே என்று.

அக்கா கைக்குட்டையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, அந்த அலமாரியை முதல்முறையாகத் தானே திறந்தாள். 'வாசனை – 2' கேனின் மூடியைத் திருகினாள். தும்மல் வரவில்லை. அதில் வாசனையே இல்லை. ஒரு துளியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாள். விரல்கள் ஒன்றை ஒன்று பிடிக்க முடியாமல் வழுக்கின. அவள் நெடுநேரம் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

நாத்தனார் வாசலில் நின்றாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் பொய் சொல்லவில்லை.

"ஆமா அண்ணி. நான்தான்."

"எத்தனை நாளா?"

"எட்டு மாசமா. ஒவ்வொரு தடவையும் பாத்திரத்தை வெந்நீர் ஊத்தித் தேய்ச்சு வெச்சுடுவேன்."

"நாம பேசி முடிவு பண்ணினோமேம்மா."

"நீங்க முடிவு பண்ணினீங்க. போறவங்களைத் தடுக்க வேண்டியவ நான். தினம் அவங்க சொல்றதைக் கேட்டது என் காதுதான். உங்க தம்பிக்காக மத்தவங்க எல்லாரும் முடியைப் பிய்ச்சுக்கணுமா? இப்ப பாருங்க, ஒருத்தராவது குறை சொல்றாங்களா? உங்களை எப்படிப் புகழுறாங்க! நீங்க சந்தோஷமாத்தானே இருந்தீங்க?"

"நான் மெதுவா கிளறினது?"

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பதில் அக்காவுக்குப் புரிந்தது. அவள் தன் தோளைத் தானே பிடித்துக்கொண்டாள், அப்போதுதான் வலிக்க ஆரம்பித்ததுபோல. எட்டு மாதம் இருபது இருபது நிமிஷமாகக் கிளறிய தோள். அவள் பாடிக்கொண்டு கிளற, இவள் காதைப் பொத்திச் சிரித்தாளே, அப்போதெல்லாம் இவளுக்குத் தெரியும்! எனக்கு அதுதான் இன்றுவரை ஆறவில்லை. கூடச் சிரித்தேனே நானும்.

அக்கா குரலை உயர்த்தாமல் கேட்டாள். "சரி. ஊத்தினே. தம்பிக்கு மட்டும் வாசனை சேர்க்காததுல ஒரு பாட்டில் நிரப்பி வெச்சிருக்கலாமே. டப்பாவுல நான் எடுக்கிறேனே, அது மாதிரி. அவனுக்குக் குழி விழுதுன்னு வீட்ல உக்காந்து சொன்னானே. அப்பவாவது?"

நாத்தனார் தரையைப் பார்த்தாள்.

"அவருக்கு மட்டும் தனியா எடுத்து வெச்சா, ஏன்னு நீங்க கேட்டிருப்பீங்க."

அக்கா கைக்குட்டையை அவிழ்த்தாள். "அவன் வேலை போனாலும் பரவால்ல, எனக்குத் தெரியக் கூடாது" என்றாள். கேள்வியாக அல்ல. பிறகு முற்றத்துக்குப் போய், வாசனை சேர்க்கும் நேரத்தில் எப்போதும் நிற்கும் அதே இடத்தில் நின்றாள். தும்மல் இல்லை. ஆனால் கண்ணில் தண்ணீர் கொட்டியது. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். லேபிள் எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன். "நீங்களுமா?" என்று கேட்டாள். அவ்வளவுதான்.

லாரிக்காரர் போனில் எல்லாம் கேட்டுவிட்டு, "ரெண்டு பேரும் உக்காந்து பேசித் தீத்துக்கங்க" என்றார். தீர்த்துக்கொள்வதற்கு இது என்ன சட்டினிச் சண்டையா?

நான் இருநூற்றுப் பன்னிரண்டு பாட்டில்களைத் தண்ணீரில் ஊறவைத்து லேபிள் உரித்தேன். கதவில் ஒட்ட ஒரு தாள் எழுதச் சொன்னாள் அக்கா. அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்: 'கடந்த எட்டு மாதமாக எங்கள் கண்டிஷனரில் சிலிகான் இருந்தது. இல்லை என்று எழுதி விற்றோம். அது பொய். திருப்பிக் கொடுக்கிறவர்கள் கொடுக்கலாம்.' யார் ஊற்றினார்கள் என்று எழுதவில்லை. எழுதலாம் என்றேன். "பாட்டில் மேல இருக்கிற பேரு என்னுது" என்றாள்.

திருப்பிக் கொடுக்க ஆறேழு பேர்தான் வந்தார்கள். அந்தப் பள்ளி ஆசிரியை வந்து தாளை இரண்டு முறை படித்தார். கொஞ்சம் தயங்கினார். பிறகு, "தப்பா எடுத்துக்காதீங்க, அந்தப் பொய் கலந்ததே இன்னும் ரெண்டு பாட்டில் இருந்தாக் குடுங்களேன்" என்றார். அக்கா சிரித்தாள். அழுவதைவிட மோசமாக இருந்தது அந்தச் சிரிப்பு. மீதமிருந்த எல்லாவற்றிலும் 'சிலிகான் உண்டு' என்று நான் புது லேபிள் ஒட்டினேன். பத்து நாளில் தீர்ந்துவிட்டது.

நாத்தனார் இரண்டு தெரு தள்ளி ஓர் அறை பிடித்து, தனிப் பாத்திரம் போட்டு, 'சிலிகான் உண்டு' என்று மேலேயே எழுதி விற்கிறாள். நன்றாகவே போகிறது. நல்ல சரக்கும்கூட, வாங்கிப் போட்டுப் பார்த்தேன், மறைப்பானேன். இதை முதலிலேயே இப்படிச் செய்திருந்தால் அவள் கையை யார் பிடித்திருப்பார்கள்? அக்காதான் சொன்னாளே, இன்னொரு பாத்திரம் வரட்டும் என்று. பண்டிதர்கள் சிலிகான் நல்லதா கெட்டதா என்று வாதம் பண்ணிக்கொண்டிருக்கட்டும். எங்கள் வீட்டைக் கெடுத்தது சிலிகான் இல்லை.

அக்கா பழைய பாத்திரத்தைப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினாள். பழைய கலவைக்கே திரும்பினாள். சீப்பு மறுபடி மாட்டுகிறது. வருகிறவர்கள் பாதியாகிவிட்டார்கள். வாசனையை அடியோடு விட்டுவிட்டாள். இப்போது தொடக்கத்திலிருந்து மூடி திருகும் வரைக்கும் அவள் ஒருத்திதான். அந்த அறையை விட்டு அவள் வெளியே போவதில்லை.

தம்பியை மூன்று மாதம் உப்புத்தாள் தேய்க்கும் பக்கம் அனுப்பினார் போர்மேன். அவன் போன முதல் நாளே தலையை வழித்துக்கொண்டான். கிடங்குக்குப் போய்ப் பாலிஷ்காரரின் நாற்காலியைத் தானே சுமந்து திருப்பிக் கொண்டுவந்தான். அவர் வந்து உட்கார்ந்தார். பேசுகிறார். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வேறு பக்கம் போய்விடுகிறார். மூன்று மாதம் கழித்துத் தம்பிக்குப் பெயின்ட் அறை திரும்பக் கிடைத்தது. அதற்குள் தலையில் விரல்கடை அளவுக்குச் சுருள் வந்திருந்தது.

அக்கா புதுப் பாத்திரத்தில் முதன்முதல் காய்ச்சியதில் முதல் பாட்டிலை எடுத்துக்கொண்டாள். துணைக்கு என்னைக் கூப்பிட்டாள். அவள் மறுபடி கூப்பிட்டதே எனக்குப் பெரிதாக இருந்தது. பட்டறையில் அவன் சிரித்த முகத்தோடுதான் வந்தான். இரண்டு கையாலும் பாட்டிலை வாங்கிக்கொண்டான். "தோள் எப்படி இருக்குக்கா?" என்று கேட்டான். நன்றாகத்தான் பேசினான்.

பிறகு பாட்டிலோடு திரும்பி, மேஜைக்கு அடியிலிருந்து ஒரு தகரத் துண்டை எடுத்தான். டேப் ஒட்டி இரண்டு கட்டம் பிரித்தான். ஒரு துளி தடவினான், துடைத்தான், ஸ்ப்ரே கன்னை எடுத்தான். அவன் எங்களைப் பார்க்கவில்லை. அக்கா கண்ணாடிக்கு வெளியே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். பெயின்ட் உட்கார்ந்தது. நாங்கள் காத்திருந்தோம். இரண்டு கட்டமும் ஒன்றுபோலவே இருந்தன.

"நல்லா இருக்குக்கா" என்றான் வெளியே வந்து. "இனிமே ஒவ்வொரு பாட்டிலும் இப்படி ஒரு தடவை அடிச்சுப் பாத்துக்கறேன். தப்பா நெனச்சுக்காத."

"தப்பு என்னடா இருக்கு? பாக்கணும். பாத்துட்டே போடு."

வெளியே வந்து தெருமுனை திரும்பினோம். அவள் நின்று, இருபத்தோராவது தடவையாக அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள்.

"முதல் பாட்டில் குடுத்தப்போ குழாயடியிலேயே தலையை நீட்டினான்" என்றாள். மேலே சொல்ல முடியாமல் அங்கேயே நிறுத்திவிட்டாள்.